அடி இறங்கினால் கர்ப்பப்பையை எடுத்துத்தான் ஆக வேண்டுமா?

அடி இறங்கிவிட்டது, அதாவது யோனி வழியாகச் சதை பிதுங்குகிறது என்று வரும் பெண்களில் பலர், கூடவே தீர்வையும் கொண்டுவந்துவிடுகிறார்கள். "கர்ப்பப்பையை எடுத்துவிடுங்கள் டாக்டர், பிள்ளைகள் பெற்றாயிற்று, இனி அது எதற்கு?" பரிசோதித்தால் பலருக்குக் கர்ப்பப்பை அதன் இடத்திலேயே இருக்கும். யோனியின் முன்சுவரைத் தள்ளிக்கொண்டு பிதுங்கியிருப்பது சிறுநீர்ப்பை. சிலருக்குப் பின்சுவர் வழியாக மலக்குடல். தொட்டுப் பார்க்கிறவருக்கு எல்லாமே ஒரே சதைக்கட்டிதான். பழி மட்டும் கர்ப்பப்பைக்குப் போய்விடுகிறது.

இடுப்பெலும்புக் கூட்டுக்குள் இடம் தாராளமாக இல்லை. முன்னால் சிறுநீர்ப்பை, பின்னால் மலக்குடல், நடுவில் கர்ப்பப்பையும் யோனியும் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. கர்ப்பப்பையின் நீளம் சுமார் 7.5 சென்டிமீட்டர், அகலம் 5. பெரும்பாலோருக்கு அது முன்பக்கம் சாய்ந்து சிறுநீர்ப்பையின் மேல் படுத்திருக்கும். சிலருக்குப் பின்பக்கம் சாய்ந்திருக்கும், அது நோயல்ல. ஸ்கேன் அறிக்கையில் அதைப் படித்துவிட்டு இரவெல்லாம் தூங்காமல் வருகிறவர்களுக்காக இதைச் சொல்லிவைக்கிறேன்.

இவற்றைத் தாங்குவது எது? முன்புற இடுப்பெலும்பிலிருந்து வால் எலும்புவரை, கட்டிய தூளியைப் போல, தசைகள் விரிந்திருக்கின்றன. இவைதான் இடுப்புத்தளத் தசைகள். சிறுநீர்த் தாரையும் யோனியும் மலக்குடலும் இந்தத் தசைகளுக்கு இடையிலுள்ள இடைவெளி வழியாகத்தான் வெளியே வருகின்றன. மேலே, கர்ப்பப்பையின் கழுத்தைப் பக்கச் சுவர்களோடும் முதுகின் அடி எலும்போடும் பிணைக்கும் நார்கள் இருக்கின்றன. தசை உறுதியாக இருக்கும்வரை நார்களுக்கு அதிக வேலை இல்லை. பிரசவத்தின்போது, குறிப்பாக ஆயுதம் போட்டு எடுக்கும்போது, தசை கிழிந்தாலோ தளர்ந்தாலோ பாரம் முழுவதும் நார்கள் மீது விழுகிறது. அவை உடனே அறுந்துவிடுவதில்லை; ஆண்டுக்கணக்கில் இழுபடுகின்றன. இருபத்தைந்து வயதில் பட்ட காயம் ஐம்பத்தைந்தில் வெளியே தெரிவதற்கு இதுதான் காரணம். தீராத இருமல், மலச்சிக்கலோடு முக்குவது, தண்ணீர்க் குடமும் நெல் மூட்டையும் தூக்குவது, உடல் பருமன், மாதவிலக்கு நின்றபின் திசுக்கள் மெலிவது எல்லாம் அந்த இழுப்பை விரைவுபடுத்துகின்றன.

ஆகவே, தளம் தளர்ந்திருக்கும்போது கர்ப்பப்பையை மட்டும் எடுத்தால் என்ன ஆகும்? இறங்கிய சிறுநீர்ப்பை இறங்கியபடியேதான் இருக்கும். அதோடு, கர்ப்பப்பையை எடுக்கும்போது அந்த நார்களையும் வெட்டியாக வேண்டும். அவற்றை யோனியின் மேல்முனையோடு சேர்த்துத் தைத்து உறுதிப்படுத்தாவிட்டால், பின்னாளில் யோனியே உள்புறம் வெளியாகப் பிதுங்கி வரலாம். அறுவைச் சிகிச்சையும் விளையாட்டல்ல. சிறுநீரகத்திலிருந்து வரும் குழாய், கர்ப்பப்பைக் கழுத்துக்குச் சுமார் 2 சென்டிமீட்டர் அருகில், கர்ப்பப்பைக்குப் போகும் ரத்தக்குழாய்க்கு அடியில் செல்கிறது; கை தவறினால் அதில் காயம் படலாம். கர்ப்பப்பையை எடுத்துத்தான் ஆக வேண்டிய பெண்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் கர்ப்பப்பையை வைத்துக்கொண்டே இறக்கத்தைச் சரிசெய்யும் முறைகள் நெடுங்காலமாக உள்ளன. மும்பை மருத்துவர் ஷிரோத்கர், இளம்பெண்களுக்காகக் கர்ப்பப்பையைத் தூக்கிக் கட்டும் அறுவைச் சிகிச்சையை வகுத்தவர்.

ஆரம்ப நிலையில் பலருக்குப் பயிற்சியே போதும். அமெரிக்க மருத்துவர் அர்னால்ட் கீகெல் 1948இல் எழுதிய பயிற்சி இது. காற்று பிரியாமல் அடக்குவது போல ஆசனவாயையும் யோனியையும் உள்ளே, மேலே இழுக்க வேண்டும். 5 முதல் 10 விநாடி பிடித்து, பிறகு அதே அளவு நேரம் தளர்த்த வேண்டும். ஒரு வேளைக்குப் பத்து முறை, நாளுக்கு மூன்று வேளை. குறைந்தது மூன்று மாதம் செய்யாமல் பலனைப் பற்றிப் பேச வேண்டாம். மூச்சை அடக்காதீர்கள், வயிற்றை இறுக்காதீர்கள். செய்துகாட்டச் சொன்னால் பலர் உள்ளே இழுப்பதற்குப் பதிலாகக் கீழ்நோக்கி முக்குகிறார்கள். அது இறக்கத்தை வளர்க்கும். ஒருமுறையாவது மருத்துவரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ செய்துகாட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

அறுவைச் சிகிச்சை தாங்காத உடல்நிலை உள்ளவர்களுக்கும், அதை விரும்பாதவர்களுக்கும் பெஸரி என்ற சிலிக்கோன் வளையம் இருக்கிறது. யோனிக்குள் வைத்தால் உறுப்புகளைத் தாங்கிக்கொள்ளும். சில மாதங்களுக்கு ஒருமுறை எடுத்துக் கழுவ வேண்டும், அவ்வளவுதான். வைத்ததையே மறந்து ஆண்டுக்கணக்கில் விட்டால் புண்ணாகும்.

கட்டியை விரலால் உள்ளே தள்ளினால்தான் சிறுநீர் வருகிறது என்ற நிலையைப் பல பெண்கள் மகளிடம்கூடச் சொல்லாமல் காலம் தள்ளுகிறார்கள். சிறுநீர் முழுதாகப் போகாமல் தேங்கினால் தொற்று வரும். இறக்கம் முற்றினால் சிறுநீரகமே வீங்கலாம். கட்டியில் புண், மாதவிலக்கு நின்றபின் ரத்தப்போக்கு, சிறுநீர் அடைப்பு ஆகியவற்றில் எது இருந்தாலும் தாமதிக்கக் கூடாது.

மருத்துவரிடம் போனால், படுத்தபடி எடுத்த ஸ்கேனோடு திரும்பிவிடாதீர்கள். படுத்திருக்கும்போது கட்டி உள்ளே போய்விடும். முக்கச் சொல்லியும், தேவைப்பட்டால் நிற்கவைத்தும் பார்க்க வேண்டும். அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறிக்கும் முன் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: இறங்கியிருப்பது எந்த உறுப்பு? கர்ப்பப்பையை எடுத்தால், யோனியின் மேல்முனையை எதோடு சேர்த்துத் தைக்கப்போகிறீர்கள்?