ஆஞ்சோவெட்டாவின் முதல் சில நாட்கள்

பெரு நாட்டுக் கடலில் வாழும் ஆஞ்சோவெட்டா, நெத்திலிக் குடும்பத்தைச் சேர்ந்த சிறுமீன். 1970-இல் 1.2 கோடி டன்னைத் தாண்டிய இதன் மீன்பாடு, 1973-இல் ஏறத்தாழ 20 லட்சம் டன்னாகச் சரிந்தது. அளவுக்கு மீறிப் பிடித்ததும் ஒரு காரணமே. ஆனால் அந்தத் தவறு அவ்வளவு பெரிய சேதத்தை விளைவித்தது ஏன் என்பதைக் கடல்நீரின் போக்கைக் கொண்டுதான் விளக்க முடியும்.

அக்கரையை ஒட்டி வடக்கு நோக்கி வீசும் காற்று மேல்நீரைத் தள்ளும்போது, புவிச்சுழற்சியின் விளைவாக அந்நீர் இடப்புறம் திரும்பிக் கரையை விட்டு விலகுகிறது. அவ்விடத்தை நிரப்ப, நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் நிறைந்த குளிர்நீர் அடியிலிருந்து எழுகிறது. வெயில் படும் மட்டத்தை அது எட்டியதும் நுண்பாசிகள் பெருக, அவற்றை உண்டு மிதவை விலங்குகளும், இரண்டையும் உண்டு ஆஞ்சோவெட்டாவும் பெருகுகின்றன.

பசிபிக் கடலின் மேல்நீர் வழக்கத்தை மீறி வெப்பமடையும் எல் நினோ காலத்தில் நீர் எழுவதே நின்றுவிடுகிறது என்று பலர் எண்ணுவதுண்டு. அப்போதும் கரையோரக் காற்று வீசுகிறது, நீரும் எழுகிறது. ஆனால் மேற்கிலிருந்து வரும் வெப்பநீர் குளிர்நீரின் எல்லையை ஆழத்துக்கு அழுத்திவிடுவதால், எழுவது சத்தற்ற நீராக இருக்கிறது. எஞ்சிய குளிர்நீர்த் திட்டுகளைத் தேடி மீன்கள் கரையோரம் நெருங்குகின்றன. எல் நினோ ஆண்டான 1972-இன் தொடக்கத்தில் வலை கொள்ளாமல் மீன் விழுந்தது இந்த நெருக்கத்தால்தான். அதை வளம் என்று கொண்டது பெரும்பிழை.

குஞ்சுகளின் நிலை இன்னும் கடினமானது. முட்டையிலிருந்து வெளிவரும்போது குஞ்சுக்கு வாய்கூடத் திறந்திருக்காது. கண்ணாடி இழை போன்ற அவ்வுடலில் ஒட்டியுள்ள மஞ்சள்கரு தீர்வதற்குள் வாய் திறந்து, எட்டும் தொலைவில் இரை கிடைத்தாக வேண்டும். ஓர் ஆண்டின் மீன்வளத்தை இந்தச் சில நாட்களே முடிவு செய்யக்கூடும் என்று நார்வே நாட்டு அறிஞர் யோஹான் யோர்ட் 1914-இலேயே கருதினார். 1970-களில் கலிபோர்னியக் கடலில் மீனியல் அறிஞர் ரூபன் லாஸ்கர் ஆய்ந்தபோது, இரை செறிந்திருந்த நீரடுக்கைப் புயல் கலைத்துவிட, அந்நீரில் நெத்திலிக் குஞ்சுகளுக்கு உண்ணப் போதிய இரை இல்லாமற்போனது. காற்று தணிந்தால் சத்து எழாது. மிஞ்சினால் இரை சிதறும், குஞ்சுகளும் ஆழ்கடலுக்கு அடித்துச் செல்லப்படும்.

ஆஞ்சோவெட்டாவின் ஆயுள் சுமார் மூன்று ஆண்டுகளே என்பதால், ஒரு தலைமுறை பொய்த்தால் ஈடுகட்ட முதிய மீன்கள் மிகுதியாக இரா. 2023-இல் கடல் வெப்பமடைந்து, சோதனைப் பிடிப்பில் இளமீன்களே மிகுதியாகச் சிக்கியபோது, வடக்கு, நடுக் கடற்பகுதிகளில் அவ்வாண்டின் முதல் மீன்பிடிப் பருவத்தையே பெரு அரசு ரத்து செய்தது.