சாரத்திலிருந்து விழுந்தவருக்கு இழப்பீடு: யார் தர வேண்டும், எவ்வளவு?

சென்ட்ரிங் பலகை விலகியோ லிஃப்ட் குழிக்குள் தவறியோ ஒருவர் விழுந்தால், மருத்துவமனை விபத்துப் பதிவேட்டில் எழுதுவதுதான் முதல் சான்று. கூட வந்த மேஸ்திரி "வீட்டுப் படியில வழுக்கிட்டாரு" என்று சொல்லிவிட்டால், பிறகு அதை மாற்றுவது பெரும்பாடு. எந்தக் கட்டடம், எத்தனையாவது மாடி, என்ன வேலை, எத்தனை மணி என்று சொல்லி எழுதவையுங்கள். அந்தப் பதிவின் நகலை (ஏ.ஆர். காப்பி) கேட்டு வாங்குங்கள்.

இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) அட்டை இருந்தால் இழப்பீடு அதன் வழியாகத்தான் வரும். இல்லாதவர்களுக்கு 1923-ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டம் இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தில் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம். இழப்பீட்டைக் கணக்கிடும் முறை பழையதுதான். "அவரு மேஸ்திரி ஆளு" என்று பில்டர் கைகழுவ முடியாது. அவர் கொடுத்துவிட்டு ஒப்பந்ததாரரிடம் வசூலித்துக்கொள்ளலாம். சொந்த வீடு கட்டும் குடும்பத்துக்கு இது பொருந்தாது, அங்கே ஒப்பந்ததாரரே பொறுப்பு.

மாதக் கூலி எவ்வளவானாலும் கணக்கில் எடுப்பது அதிகபட்சம் 15,000 ரூபாய். வயதைப் பொறுத்துச் சட்டம் தரும் பெருக்கல் எண்தான் வயதுக் காரணி; 30 வயதுக்காரருக்கு அது 207.98. இறந்தால் கூலியில் 50% × காரணி, அதாவது 15,59,850 ரூபாய். நிரந்தரமாக முழுதும் முடங்கினால் 60%, அதாவது 18,71,820. பகுதி முடக்கம் என்றால் சம்பாதிக்கும் திறன் எத்தனை சதவீதம் போனதோ அந்த அளவு. சிகிச்சைச் செலவு தனி.

பலர் ஏமாறுவது அந்தச் சதவீதத்தில்தான். மருத்துவர் '40% ஊனம்' என்று எழுதுவது உடலை வைத்து. இடுப்பெலும்பு உடைந்த கொத்தனார் இனிச் சாரம் ஏறவே முடியாதென்றால் தொழிலே போய்விட்டது. இடது கையை இழந்த தச்சருக்கு 1975-இல் உச்ச நீதிமன்றம் 100% இழப்பு என்றே தீர்ப்பளித்தது. மனுவில் செய்துவந்த வேலையை விளக்கமாக எழுதுங்கள்.

குடித்திருந்தார், கொடுத்த பெல்ட்டை வேண்டுமென்றே போடவில்லை என்ற வாதங்கள் மரணத்திலும் நிரந்தர முழு முடக்கத்திலும் எடுபடாது. மரண இழப்பீட்டைத் தொழிலாளர் துறை அலுவலகத்தில்தான் கட்ட வேண்டும். வீட்டுக்கு வந்து ஐம்பதாயிரம் கொடுத்து வெள்ளைத்தாளில் கையெழுத்து கேட்டால் போடாதீர்கள். ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் 12% வட்டி சேரும்.

சென்னைக்காரர்கள் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் உள்ள தொழிலாளர் துறை அலுவலகத்தில் விசாரிக்கலாம். விபத்து நடந்த 2 ஆண்டுக்குள் மனு போட வேண்டும். ஏ.ஆர். காப்பி, எஃப்ஐஆர், டிஸ்சார்ஜ் சம்மரி, வயதுச் சான்று, கூலி போட்ட ஜிபே பதிவு, கூட வேலை செய்தவரின் சாட்சி ஆகியவை தேவை. கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய உதவித்தொகை இதில் சேராது. அதற்குத் தனியாக விண்ணப்பியுங்கள்.