ஃபார்மேட் போடும் முன் போன் ரிசீவரை எடுத்துப் பாருங்கள்

கம்ப்யூட்டரை வீட்டு போன் லைனோடு இணைக்கும் மோடம் வைத்து நெட்டுக்கு டயல் செய்த டயல்-அப் காலத்தில், விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் சிஸ்டம் போட்டவர்களுக்காக எழுதியது இது.

போன வாரம் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் தன் சிபியுவை ஆட்டோவில் வைத்துத் தூக்கி வந்தார். "தம்பி, லினக்ஸ்ல நெட் வராதுன்னு சொன்னாங்க. சரின்னு விண்டோஸ் போட்டுக்கிட்டேன். இப்போ அதுலயும் வரலை" என்றார்.

திறந்து பார்த்தேன். உள்ளே செருகும் பிசிஐ மோடம் கார்டு ஒன்று, அதன் நடுவே ஒற்றைச் சிப். விண்டோஸ் ஒழுங்காகத்தான் ஏறியிருந்தது, மோடத்தை இயக்கும் மென்பொருளான டிரைவர் உள்ள சிடிதான் யாரிடமும் இல்லை. அதைக்கூடத் தேடிப் பிடித்துவிடலாம். ஆனால் ஃபார்மேட் போட்ட புண்ணியவான் சொந்தக் கோப்புகள் இருக்கும் ஹோம் ஃபோல்டரை காப்பி எடுக்கவில்லை. வாத்தியார் ஆறு வருஷமாக உட்கார்ந்து தட்டிய வினாத்தாள்கள் அத்தனையும் போயின. இந்த மாதத்தில் இது நாலாவது சிபியு.

"லினக்ஸில் நெட் வராது" என்பதை முதலில் யார் கிளப்பிவிட்டார்களோ தெரியவில்லை. வராமல் இருப்பது லினக்ஸால் அல்ல. உங்கள் சிபியுவுக்குள் இருப்பது அரை மோடம், அதுதான் கோளாறு. முழு மோடம் என்றால் கம்ப்யூட்டரின் தகவலைச் சத்தமாக மாற்றி போன் ஒயரில் அனுப்பும் வேலையைத் தானே செய்யும். விலையைக் குறைப்பதற்காக அந்த வேலையைச் செய்யும் சிப்பை எடுத்துவிட்டு, பாரத்தை உங்கள் பிராசஸர் தலையில் கட்டினார்கள். இதைத்தான் நாங்கள் வின்மோடம் என்போம். இதற்கென்று எழுதிய மென்பொருள் இல்லாவிட்டால் எந்த சிஸ்டத்திலும் அது வெறும் பச்சை அட்டை. வாத்தியாரின் விண்டோஸும் அதைத்தானே காட்டியது? கம்பெனிக்காரர்கள் பெரும்பாலும் விண்டோஸுக்கு மட்டும் அதை எழுதிக் கொடுத்தார்கள். பழியோ லினக்ஸுக்கு.

அரை மோடத்துக்கும் வழி இல்லாமல் இல்லை. கட்டளை அடிக்கும் டெர்மினலில் எல்எஸ்பிசிஐ என்று அடித்தால் என்ன சிப் என்று தெரிந்துவிடும். ஸ்மார்ட்லிங்க் சிப் என்றால் எஸ்எல்மோடம் டிரைவர் இருக்கிறது. கோனெக்சன்ட் என்றால் லினக்ஸன்ட் நிறுவனத்தின் டிரைவர். ஆனால் அதன் இலவசப் பதிப்பு நொடிக்கு 14.4 கிலோபிட் (கேபிபிஎஸ்) வேகத்துக்கு மேல் போகாது. அதைப் போட்டுக்கொண்டு "லினக்ஸ் ரொம்ப ஸ்லோ சார்" என்று என்னிடம் வராதீர்கள். என்னைக் கேட்டால், சீரியல் போர்ட்டில் மாட்டும் எக்ஸ்டர்னல் மோடம் வாங்குங்கள். டிரைவரே வேண்டாம். அந்தப் போர்ட்டுக்கு விண்டோஸில் காம்1 என்று பெயர், லினக்ஸில் டிடிஒய்எஸ்0, அவ்வளவுதான். யுஎஸ்பி மோடத்தில் அரையும் உண்டு, முழுதும் உண்டு, கடைக்காரரிடம் கேட்டுவிட்டுக் காசைக் கொடுங்கள்.

அடுத்தது, திரையில் வருவதைப் படியுங்கள். லினக்ஸில் டயல் செய்யும் புரோகிராமான டபிள்யூவிடயல் ஒவ்வொரு படியையும் எழுதிக் காட்டுகிறது, யாரும் படிப்பதில்லை. "நோ டயல்டோன்" என்று வந்தால் ரிசீவரை எடுத்துக் காதில் வையுங்கள். ஒருவர் வீட்டில் இரண்டு மணி நேரம் செட்டிங் கோப்புகளைத் திருத்திவிட்டு ரிசீவரை எடுத்தேன், லைனே செத்துக் கிடந்தது. என் முட்டாள்தனமும்தான். ரிசீவரில் சத்தம் கேட்டும் மோடம் அதே பாட்டைப் பாடினால், நம் எக்ஸ்சேஞ்சின் டோன் அதற்குப் புரியவில்லை என்று அர்த்தம். டயல் செய்யும் முன் மோடத்துக்குப் போகும் இனிஷியல் கட்டளையில் ஏடிஎக்ஸ்3 சேருங்கள், டோனுக்குக் காத்திராமல் டயல் செய்யும். ஆபீஸ் இன்டர்காம் என்றால் எண்ணுக்கு முன்னால் 0 போட்டு ஒரு கமா. கொஞ்சம் பொறுக்கச் சொல்லும் அந்தக் கமா இல்லாவிட்டால் வெளி லைன் கிடைக்கும் முன்பே மோடம் எண்ணை ஒப்பித்துவிடும்.

மோடத்தின் ஸ்பீக்கரை அணைக்காதீர்கள். அந்தக் கீச்சொலி எங்கே நின்றது என்று போனிலேயே கேட்டுப் பாதி நோயைச் சொல்லிவிடுவேன்.

"கனெக்ட் 115200 என்று வருகிறதே, அவ்வளவு வேகமா?" என்று ஆசையோடு கேட்பார்கள். இல்லை சார், அது கம்ப்யூட்டருக்கும் மோடத்துக்கும் நடுவில் இருக்கும் வேகம். போன் லைனில் வருவது அதிகபட்சம் 56 கேபிபிஎஸ், நம் ஊர் லைனில் அதுவும் வராது.

கனெக்ட் ஆகிவிட்டது, ஆனால் ஒரு பக்கமும் திறக்கவில்லையா? இங்கேதான் முக்கால்வாசிப் பேர் ஃபார்மேட்டுக்குப் போகிறார்கள். ஒரு கல்லூரி மாணவர் முன்பு எப்போதோ நெட்வொர்க் கார்டுக்கு கேட்வே முகவரி, அதாவது தகவல் வெளியே போகும் வாசலின் முகவரி, கொடுத்துவிட்டு மறந்துவிட்டார். சிஸ்டம் எல்லாத் தகவலையும் ஒயரே மாட்டாத அந்தக் கார்டு வழியாக அனுப்பிக்கொண்டிருந்தது. டயல்-அப் இணைப்பை நடத்தும் பிபிபி-யின் பதிவில் "இருக்கும் டீஃபால்ட் ரூட்டை (வழக்கமாகத் தகவல் போகும் வழியை) மாற்றவில்லை" என்று ஆங்கிலத்தில் தெளிவாக எழுதியிருந்தது. அந்தக் கேட்வேயை நீக்கினேன், உடனே பக்கம் திறந்தது. இன்னொரு வகையும் உண்டு. பிங் என்ற சோதனைக் கட்டளை ஒரு தளத்தின் ஐபி எண்ணுக்குப் போகும், பெயருக்குப் போகாது. பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ் இல்லை என்று அர்த்தம், ரிசால்வ் கான்ஃப் கோப்பைப் பாருங்கள். எல்லா அதிகாரமும் உள்ள ரூட் (root) பயனராக நுழைந்தால் மட்டும் டயல் ஆகிறது என்றால் உங்கள் பயனரை, டயல் செய்ய அனுமதி உள்ள டயல்அவுட் குழுவில் சேருங்கள். தினமும் ரூட்டாக நுழைந்து நெட் பார்க்கும் வேலை வேண்டாம், கெஞ்சிக் கேட்கிறேன்.

டபிள்யூவிடயல் லைன் அறுந்தால் தானே திரும்ப டயல் செய்யும். ஆட்டோ ரீகனெக்ட் என்ற அந்த வசதியை நிறுத்தாமல் தூங்கப் போனால் போன் பில் உங்களை எழுப்பும்.

அப்புறம் இடி. சுவிட்சை அணைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள், மின்னல் போன் ஒயர் வழியாகவும் வரும். என் மேஜையில் இப்போதுகூடக் கருகிய மோடம் இரண்டு கிடக்கின்றன, இரண்டுக்கும் மின்சாரப் பிளக்கை உருவியிருந்தார்கள், போன் ஒயரை உருவவில்லை. வானம் கருக்கும்போதே அதையும் உருவிவிடுங்கள்.