தோட்டத்துச் சாளைக்குத் துப்பாக்கி லைசென்ஸ்: சட்டம் என்ன சொல்கிறது?

தோட்டத்துச் சாளையில், அதாவது தோட்டத்துக்குள் தனியாக இருக்கும் வீட்டில், குடியிருப்பவர்களுக்கு அக்கம்பக்கம் என்பது தென்னந்தோப்புக்கு அந்தப் பக்கம் தெரியும் ஒரு விளக்கு வெளிச்சம்தான். சத்தம் போட்டாலும் யாருக்கும் கேட்காது. 2024 நவம்பரில் பல்லடம் அருகே சேமலைக்கவுண்டம்பாளையத்தில் ஒரே தோட்டத்து வீட்டில் மூன்று பேர் கொல்லப்பட்டார்கள். அடுத்த ஆண்டே ஈரோடு மாவட்டம் சிவகிரி பக்கம் தனியாக இருந்த வயதான தம்பதிக்கு அதே கதி. அதற்கப்புறம் கொங்குப் பக்கம் எந்தச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனாலும் இந்தக் கேள்வி வருகிறது: "நாமளும் ஒரு துப்பாக்கி லைசென்ஸ் வாங்கி வெச்சுக்கலாமா?"

வாங்கலாம். சட்டம் கதவை அடைத்து வைக்கவில்லை. ஆனால் கேட்டவருக்கெல்லாம் கிடைப்பதும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்பது தெரியாமல்தான் பலர் மனு எழுதுகிறார்கள். சிலர் மனுவே எழுதாமல் நாட்டுத் துப்பாக்கி பக்கம் போய்விடுகிறார்கள். அதைப் பிறகு சொல்கிறேன்.

நாடு முழுவதுக்கும் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளும்தான் அடிப்படை. 21 வயது நிறைந்திருக்க வேண்டும். அடிதடி, மோசடி மாதிரியான வழக்குகளில் சிறைத் தண்டனை பெற்று, அது முடிந்து ஐந்து ஆண்டு கழியாதவர்களுக்கும், அமைதி காப்பதாகப் பிணைப்பத்திரம் எழுதிக் கொடுத்து அதன் காலம் முடியாதவர்களுக்கும், மனநலம் சரியில்லாதவர்களுக்கும் கிடையாது. சொத்து அதிகம் இருந்தால்தான் லைசென்ஸ் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அது தவறு. போதிய சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக மனுவை மறுக்கக் கூடாது என்று சட்டத்தின் 14ஆம் பிரிவே சொல்கிறது. இரண்டு ஏக்கர் வைத்திருப்பவரும் கேட்கலாம்.

கிராமத்துக்காரர்கள் கவனிக்க வேண்டிய இன்னொரு பிரிவு 13. பாதுகாப்புக்காக 20 அங்குலத்துக்குக் குறையாத குழல் உள்ள, உள்ளே வரிப்பள்ளம் இல்லாத துப்பாக்கியையோ, பயிர்ப் பாதுகாப்புக்காக வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியையோ கேட்டால், தகுந்த காரணமும் தடையில்லாத பின்னணியும் இருக்கும்பட்சத்தில் லைசென்ஸ் வழங்க அந்தப் பிரிவு இடம் தருகிறது. நம் ஊரில் ஒற்றைக்குழல், இரட்டைக்குழல் என்று சொல்கிறோமே, 12 போர் துப்பாக்கி, அதுதான் முதல் வகை. தோட்டத்து வீட்டுக்கு மனுச் செய்பவர்கள் கைத்துப்பாக்கி என்று எழுதுவதைவிட இதைக் கேட்பதுதான் பொருத்தம் என்பது என் கருத்து.

மனுவைப் படிவம் ஏ-1இல், மத்திய உள்துறையின் ஆயுத லைசென்ஸ் இணையதளம் வழியாகப் பதிய வேண்டும். மாவட்டங்களில் லைசென்ஸ் தரும் அதிகாரி கலெக்டர். கோவை, திருப்பூர், சேலம் போன்ற மாநகரக் காவல் எல்லைக்குள் இருந்தால் போலீஸ் கமிஷனர். அடையாளச் சான்று, முகவரிச் சான்று, புகைப்படம் ஆகியவற்றோடு உடல், மனநலம் பற்றிய மருத்துவச் சான்றும் வேண்டும். வீட்டில் துப்பாக்கியைப் பூட்டிப் பத்திரமாக வைப்பேன் என்ற உறுதிமொழியும் உண்டு. துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் கையாளப் பயிற்சி எடுத்த சான்றையும் விதிகள் கேட்கின்றன. பயிர்ப் பாதுகாப்புக்கு என்றால் நிலம் எந்தக் கிராமத்தில், எவ்வளவு பரப்பில் இருக்கிறது, என்ன பயிர் என்ற விவரங்களையும் சொல்ல வேண்டும். பட்டா, சிட்டா, அடங்கல் நகல்களைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் முக்கியமானது 'காரணம்' என்ற இடம். "பாதுகாப்புக்காக" என்று ஒற்றைச் சொல்லை எழுதிவிட்டு வருகிறவர்களின் மனுதான் பெரும்பாலும் நகராமல் தேங்கி நிற்கிறது. உங்கள் சாளையிலிருந்து போலீஸ் ஸ்டேஷன் எத்தனை கிலோமீட்டர், பக்கத்து வீடு எவ்வளவு தூரம், வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், முன்பு ஆடு, மோட்டார், நகை ஏதாவது களவு போனதா, போயிருந்தால் அந்தப் புகாரின் சி.எஸ்.ஆர். எண் (ஸ்டேஷனில் தரும் புகார் ரசீது எண்) அல்லது எப்.ஐ.ஆர். எண் என்ன என்று எழுதுங்கள். உயிருக்கோ உடைமைக்கோ உண்மையான தேவை இருக்கிறது என்பதைத்தான் அதிகாரி பார்க்கிறார். ஆடு திருடு போனபோது 'போனது போகட்டும்' என்று புகாரே கொடுக்காமல் விட்டவர்களிடம் காட்ட எதுவும் இருக்காது. ஆகவே சின்னக் களவானாலும் புகார் கொடுத்து ரசீது வாங்கி வையுங்கள்.

மனு போனதும் உங்கள் ஸ்டேஷனிலிருந்து விசாரிக்க வருவார்கள். 30 நாளில் அறிக்கை தர வேண்டும் என்பது விதி. அறிக்கை கிடைத்த 60 நாளுக்குள் அதிகாரி முடிவு செய்ய வேண்டும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும், நீங்கள் கேட்டால் அதைச் சுருக்கமாகத் தரவும் வேண்டும். பொது நலன் கருதித் தர முடியாது என்று அதிகாரி கருதினால் மட்டுமே விலக்கு. உத்தரவு வந்த 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். வாய்மொழியாக "கிடைக்காதுங்க" என்று சொன்னதை நம்பித் திரும்பி வந்தவர்களை எனக்குத் தெரியும். எழுத்தில் இல்லாத மறுப்பை வைத்து மேல்முறையீடு செய்ய முடியாது. அதனால் உத்தரவைக் கேட்டு வாங்குங்கள்.

காட்டோரத்துக்காரர்களுக்கு ஒரு தனி விஷயம் இருக்கிறது. வனவிலங்குச் சரணாலயத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் புது லைசென்ஸ் தர, தலைமை வன உயிரினக் காப்பாளரின் முன் இசைவு வேண்டும். ஏற்கெனவே லைசென்ஸ் வைத்திருப்பவர்களும் அதை வனத்துறையிடம் பதிவு செய்ய வேண்டும். சத்தியமங்கலம் பக்கமும், 2024இல் தந்தை பெரியார் வனவிலங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்ட அந்தியூர், பர்கூர் பக்கமும் இருப்பவர்கள் இதை மனதில் வைத்து மனுச் செய்யுங்கள். அதேபோல, பயிர்ப் பாதுகாப்பு லைசென்ஸ் கையில் இருக்கிறது என்பதற்காகக் காட்டுப்பன்றியைச் சுட முடியாது. அது வனவிலங்குச் சட்டத்தின் கீழ் வருகிறது. சுடுவது என்றால் அரசு ஆணைப்படி, வனத்துறை ஆட்கள் மூலமாகத்தான்.

இப்போது லைசென்ஸ் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் அதிகபட்சம் இரண்டு துப்பாக்கிதான் வைத்திருக்கலாம். லைசென்ஸ் ஐந்து ஆண்டு செல்லும். எத்தனை தோட்டா வாங்கலாம், எந்த எல்லைக்குள் எடுத்துப் போகலாம் என்பதெல்லாம் லைசென்ஸிலேயே எழுதியிருக்கும். தேர்தல் அறிவித்ததும் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு வந்தால் ஒப்படைக்க வேண்டும். கல்யாணத்திலோ கோயில் விசேஷத்திலோ சந்தோஷத்துக்கு வானத்தைப் பார்த்துச் சுட்டு அடுத்தவர் உயிருக்கு ஆபத்து வந்தால் இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

எப்போது சுடலாம் என்பதுதான் யாரும் சரியாகச் சொல்லித் தராத பகுதி. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமையைச் சொல்கின்றன. கொள்ளையடிக்க வருபவன், இரவில் வீட்டை உடைத்து நுழைபவன், குடியிருக்கும் வீட்டுக்குத் தீ வைப்பவன் போன்றவர்களைத் தடுக்கும்போது மரணமே நேர்ந்தாலும் அந்த உரிமை காக்கும். ஆனால் தேவைக்கு மிஞ்சிய தீங்கு செய்யக் கூடாது, போலீஸை அழைக்க நேரம் இருக்கும்போது அந்த உரிமையே கிடையாது. வீட்டுக்குள் வந்தவன் வெளியேறிவிட்டால் அதோடு நுழைவு முடிந்துவிட்டது. தேங்காய் திருடிக்கொண்டு வரப்பில் ஓடுகிறவனின் முதுகில் சுட்டால் அது தற்காப்பு ஆகாது, கொலை வழக்கு. துப்பாக்கி வாங்க நினைக்கும் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து இந்த ஒரு விஷயத்தைப் பேசிவிட வேண்டும். இருட்டில் வருவது பால் வாங்க வந்த பையனாகவும் இருக்கலாம்.

நாட்டுத் துப்பாக்கிக்கு வருகிறேன். லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால் குறைந்தது இரண்டு ஆண்டு, அதிகபட்சம் ஐந்து ஆண்டு சிறை. களவு பயத்துக்காக வாங்கியது என்று சொன்னாலும் யாரும் கேட்க மாட்டார்கள். ஏர்கன் போதும் என்று நினைப்பவர்களுக்கு: 0.177 அங்குலத்துக்கு மிகாத குழல் விட்டம், 20 ஜூலுக்கு மிகாத ஆற்றல் உள்ளதற்கு லைசென்ஸ் வேண்டாம். அதற்கு மேல் போனால் வேண்டும். ஆனால் திருடனை விரட்ட ஏர்கன் உதவாது.

எழுபது வயதைத் தாண்டிய இரண்டு பேர் மட்டும் இருக்கும் சாளைக்குத் துப்பாக்கியை முதல் ஏற்பாடாக நான் சொல்ல மாட்டேன். விதிப்படி துப்பாக்கி பூட்டிய பெட்டியில் இருக்க வேண்டும். நடுராத்திரியில் சாவி தேடி, தோட்டா போட்டு, கை நடுங்காமல் நிற்பது எல்லோராலும் ஆகாது. களத்தைச் சுற்றி வெளிச்சம், இரும்புக் கதவு, நகையை லாக்கரில் வைப்பது, அவசர உதவிக்கான 112 எண்ணை வேக அழைப்பில் போட்டுவைப்பது, பக்கத்துத் தோட்டக்காரர்களோடு ஒரு வாட்ஸ்அப் குழு, ஊருக்குப் போகும்போது ஸ்டேஷனில் சொல்லிவிட்டுப் போவது என இவை முதலில். இதெல்லாம் செய்தும் பயம் தீராத, கையாளத் தெரிந்த ஒருவர் வீட்டில் இருக்கும் குடும்பத்துக்குத்தான் லைசென்ஸ்.

கடைசியாக, அப்பா, தாத்தா வைத்திருந்த துப்பாக்கி. லைசென்ஸ்தாரர் இறந்துவிட்டால் அந்தத் துப்பாக்கியை வீட்டில் வைத்திருக்க மற்றவர்களுக்கு உரிமை இல்லை. என் பெரியப்பா போன பிறகு அவருடைய ஒற்றைக்குழல் பீரோவுக்குப் பின்னால் மாதக்கணக்கில் கிடந்தது, பெரியம்மாவுக்கு விவரம் தெரியாது. உடனே ஸ்டேஷனிலோ லைசென்ஸ் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். அப்புறம் வாரிசுகளில் ஒருவர் தன் பெயருக்கு மனுச் செய்யலாம், மற்ற வாரிசுகளின் சம்மதத்தையும் எழுதி வாங்கிக்கொண்டால் நல்லது. உயிரோடு இருக்கும்போதே மாற்றவும் வழி உண்டு: லைசென்ஸ்தாரருக்கு 70 வயது ஆகியிருந்தாலோ, துப்பாக்கியை 25 ஆண்டு வைத்திருந்தாலோ வாரிசு பெயருக்குக் கேட்கலாம்.