ஓல்டு பெக்யூலியர்: நாக்கு சொன்னதும் லேபிள் சொன்னதும்

யார்க்‌ஷயரில், அதாவது வட இங்கிலாந்தில், குடும்ப மருத்துவர் வேலை எனக்கு. வாரத்துக்கு எவ்வளவு குடிப்பீர்கள் என்று கேட்டால் இங்கே வயதானவர்களிடம் அடிக்கடி வரும் பதில், "விஸ்கி பக்கமே போறதில்லை டாக்டர், ஏல் மட்டும்தான், தினம் ஒரு பைண்ட்." ஏல் என்பது ஒரு வகை பீர்தான், ஆனால் ஏதோ கஞ்சி குடிப்பதைச் சொல்வது போல அவ்வளவு நிம்மதியாகச் சொல்வார்கள். அந்த நிம்மதி எங்கிருந்து வருகிறது என்பது, இங்கே மாஸம் ஊரில் காய்ச்சும் ஓல்டு பெக்யூலியர் என்ற ஏலை நானே ஒரு பப்பில் உட்கார்ந்து நிதானமாகக் குடித்துப் பார்த்தபோதுதான் புரிந்தது.

கைப்பம்பில் இழுத்து ஊற்றினார்கள். கிட்டத்தட்ட கறுப்பு, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் ஓரத்தில் மட்டும் சிவப்பு. பிரிட்டன்காரர்கள் பீரை வெதுவெதுப்பாகக் குடிப்பார்கள் என்பது பாதிப் பொய், நிலவறையில் 11 முதல் 13 டிகிரிக்குள் வைத்திருப்பார்கள், அதற்கு மேல் குளிர்ந்தால் நாக்கு மரத்துப்போய் மால்ட்டின், அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லியின், ருசி தெரியாது. மூக்குக்கு முதலில் வந்தது, சிரிக்காதீர்கள், ஹார்லிக்ஸ் பாட்டிலைத் திறந்த வாசனை. இரண்டிலும் இருப்பது முளைகட்டிய பார்லிதானே! வாயில் உலர்திராட்சை, லேசாகக் கருகிய சர்க்கரைப்பாகு, அப்புறம் கருப்பட்டியை நினைவூட்டும் ஏதோ ஒன்று. ஹாப்ஸின் (பீரில் கசப்புக்காகச் சேர்க்கும் பூ) கசப்பு கடைசியில் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது.

இந்த மாதிரி ஏல்களுக்குப் பாகு ருசியைத் தருவது கிரிஸ்டல் மால்ட். முளைவிட்ட தானியத்தை ஈரத்தோடு சூடாக்கும்போது மணிக்குள்ளேயே மாவுச்சத்து சர்க்கரையாகிறது, வறுக்கும்போது அது பாகாகிவிடுகிறது. அதில் ஒரு பகுதியை ஈஸ்ட்டால் தின்ன முடியாது. மிஞ்சி நிற்கும் அந்த இனிப்புதான் ஆல்கஹாலின் காரத்தை மூடிவிடுகிறது. பாதி கிளாஸ் போனதே எனக்குத் தெரியவில்லை.

லேபிளில் ஆல்கஹால் 5.6 சதவீதம். பைண்ட் என்பது 568 மில்லி. இரண்டையும் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 3.2 யூனிட் வரும் (ஒரு யூனிட் என்பது 10 மில்லி சுத்த ஆல்கஹால்). பப்பில் ஊற்றும் 25 மில்லி விஸ்கி ஒரு யூனிட்தான். தினம் ஒரு பைண்ட் என்றால் வாரத்துக்கு 22 யூனிட். ஆணோ பெண்ணோ 14-ஐத் தாண்ட வேண்டாம், அதையும் மூன்று நாளுக்காவது பிரித்துக் குடியுங்கள் என்பது 2016 முதல் பிரிட்டனில் சொல்லப்படும் அளவு. இரத்த அழுத்தம், கவுட் (யூரிக் அமிலத்தால் வரும் மூட்டு வீக்கம்) இருப்பவர்களிடம் இன்னும் குறைக்கச் சொல்வேன். தினமும் நிறையக் குடித்துப் பழகியவர்கள் மட்டும் திடீரென்று நிறுத்த வேண்டாம், வலிப்புகூட வரலாம், முதலில் டாக்டரைப் பாருங்கள்.

சைவக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: பீப்பாய் ஏலைத் தெளியவைக்க மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த பசையைச் சேர்ப்பது பழைய வழக்கம். சேர்க்காதவையும் உண்டு, கேட்டுக் குடியுங்கள்.

இந்தக் கணக்கை ஒரு பெரியவருக்குக் காகிதத்தில் போட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அப்போ தினம் மூணு விஸ்கியா குடிச்சிட்டிருக்கேன்?" என்றார். இப்போது வாரத்தில் நான்கு நாள், அரை பைண்ட்.