கடற்கரை வாகன நிறுத்துமிடத்தைப் புதுப்பிக்கும்போது: பாதுகாப்பு வட்டார விதிகளும் பொதுமக்களின் உரிமையும்

டர்பனில் ஞாயிற்றுக்கிழமை மாலை ப்ளூ லகூன் பக்கம் போய்வந்தவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். அங்கே வாகன நிறுத்துமிடம் என்பது வண்டியை விட்டுவிட்டு வேறெங்கோ போவதற்கான இடமாக மட்டும் இருப்பதில்லை. பின்கதவைத் திறந்து வைத்து, ரொட்டிக்குள் கறி நிரப்பிய பன்னி சௌவைப் பிரித்து, நடக்க முடியாத பாட்டியை முன் இருக்கையிலேயே உட்காரவைத்து, உம்கெனி ஆறு கடலில் கலப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கும் இடமும் அதுதான். தூண்டில் போடுகிறவர்களும், முன்னோருக்குச் செய்யவேண்டியதைச் செய்ய வருகிறவர்களும் அங்கேதான் இறங்குகிறார்கள். ஆற்றின் வடகரையிலோ பீச்வுட் அலையாத்திக் காடு, சட்டப்படி அறிவிக்கப்பட்ட இயற்கைக் காப்பகமாக நிற்கிறது. நம் கரையோரத்தில் இப்படி வண்டிகளும் காப்பகமும் அருகருகே, சில இடங்களில் ஒன்றுக்குள் ஒன்றாகவே அமைந்திருக்கின்றன. அப்படிப்பட்ட இடத்தில் உள்ள பொது நிறுத்துமிடத்தை மாநகராட்சி மேம்படுத்த முனைந்தால், அது யாரிடம் அனுமதி பெறவேண்டும், நாம் எந்தக் கட்டத்தில் பேசலாம் என்பதைத் தென்னாப்பிரிக்கச் சட்டங்களின்படி இங்கே விளக்குகிறேன். குறிப்பிட்ட எந்தத் திட்டத்தைப் பற்றியும் இது பேசவில்லை; எந்த இடத்துக்கும் பொருந்தும் பொது விதிகளே இவை.

நிறுத்துமிடம் சலுகையா, கடமையா?

2008ஆம் ஆண்டின் 24ஆம் எண் ஒருங்கிணைந்த கடலோர மேலாண்மைச் சட்டம் 2009 டிசம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. கடலும் அலை வந்து தொடும் கரையும் பொதுமக்களின் சொத்து, அரசு அதன் அறங்காவலர் மட்டுமே என்பது அதன் அடிப்படை. பொதுமக்கள் அந்தச் சொத்தை அடைவதற்கான நிலப்பட்டைகளை மாநகராட்சிகள் துணைவிதி மூலம் குறித்துவைக்க வேண்டும் என்று பிரிவு 18 சொல்கிறது. அந்த நிலத்தைப் பராமரிப்பது, வழிகாட்டிப் பலகை வைப்பது, மக்களின் நுழைவுரிமையைக் காப்பது ஆகியவற்றோடு, பொருத்தமான இடங்களில் தன் வசதிக்கு உட்பட்டு வாகன நிறுத்துமிடம், கழிப்பறை, மரப்பாதை போன்றவற்றை உடல் ஊனமுற்றோரின் தேவையையும் கருதி அமைத்துத்தருவது மாநகராட்சியின் பொறுப்பு என்று பிரிவு 20 பட்டியலிடுகிறது. ஆகவே கடற்கரை நிறுத்துமிடம் கார் வைத்திருப்போருக்குக் காட்டப்படும் கருணை அல்ல. கடலை அடையும் உரிமையின் ஒரு பகுதியாகவே சட்டம் அதைப் பார்க்கிறது. ஆனால் அதே பிரிவு, இந்த வசதிகள் சுற்றுச்சூழலுக்குத் தீங்கு விளைவிக்காதபடி பார்த்துக்கொள்ளும் பொறுப்பையும் அதே மாநகராட்சியின் தலையில் வைக்கிறது. பின்னால் எழும் வழக்குகளும் வாக்குவாதங்களும் பெரும்பாலும் இந்த இரண்டு பொறுப்புகளின் இழுபறிதான்.

இங்குள்ள தமிழர்களான நம்மவர்களுக்கு இந்த நுழைவுரிமை ஏட்டளவில் உள்ள செய்தியல்ல. பொது இடங்களை நிறம் பார்த்துப் பிரித்த 1953ஆம் ஆண்டின் தனி வசதிகள் ஒதுக்கீட்டுச் சட்டம் 1990இல் நீக்கப்படும்வரை, எந்த மணலில் யார் கால்வைக்கலாம் என்பதைப் பலகைகளே தீர்மானித்தன. 1860 நவம்பரில் டுரூரோ கப்பலில் சென்னையிலிருந்து வந்து இறங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் தம் ஊர்க் கடலைத் தூரத்தில் நின்று பார்த்த காலம் அது.

‘பாதுகாப்பு வட்டாரம்’ என்பது எது?

இந்தச் சொல் இரண்டு வேறுபட்ட நிலைமைகளைக் குறிப்பதால் குழப்பம் வருகிறது. முதலாவது இயற்கை சார்ந்தது. 2003ஆம் ஆண்டின் 57ஆம் எண் பாதுகாக்கப்பட்ட பகுதிகள் சட்டத்தின்கீழ் அறிவிக்கப்பட்ட தேசியப் பூங்காவிலோ இயற்கைக் காப்பகத்திலோ உலக மரபுத் தலத்திலோ, மேலாண்மை அமைப்பின் எழுத்துவழி முன்னனுமதி இல்லாமல் எந்தக் கட்டுமானமும் செய்யக்கூடாது. குவாசுலு-நட்டால் மாகாணக் காப்பகங்களில் அந்த அமைப்பு பெரும்பாலும் மாகாண இயற்கைப் பாதுகாப்பு நிறுவனமான எசெம்வெலோ. இரண்டாவது மரபு சார்ந்தது. 1999ஆம் ஆண்டின் 25ஆம் எண் தேசிய மரபு வளங்கள் சட்டம், பழைமையோ பண்பாட்டுச் சிறப்போ உள்ள தெருக்களையும் கரையோரங்களையும் மரபு வட்டாரமாக அறிவிக்க உள்ளாட்சிகளுக்கு வழிவகுக்கிறது. கேப் டவுனில் இதையே நகரமைப்புத் துணைவிதியின்கீழ் மரபுப் பாதுகாப்பு மேலடுக்கு மண்டலம் என்கிறார்கள்.

வட்டாரமாக அறிவிக்கப்படாத இடத்திலும் மரபுச் சட்டம் குறுக்கிடலாம். 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தின் தன்மையை மாற்றும் பணியையும், 300 மீட்டருக்கு மேல் நீளும் சாலை, சுவர், குழாய் போன்றவற்றையும் தொடங்குவதற்கு முன்பே மரபு அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும். நம் மாகாணத்தில் அது அமாஃபா நிறுவனம். அறுபது ஆண்டுக்கு மேற்பட்ட எந்தக் கட்டடத்தையும் அனுமதியின்றி இடிக்கவோ மாற்றவோ கூடாது. நிறுத்துமிடத்தின் ஓரத்தில் உடை மாற்றும் அறையோ கல்சுவரோ இருந்தால் அதன் வயதைக் கேட்டுப் பாருங்கள். மக்களை நிறம் பார்த்துப் பிரிப்பதற்காக 1950களில் கட்டியவை எல்லாம் இப்போது அறுபதைத் தாண்டி, சட்டத்தின் பாதுகாப்புக்குள் வந்துவிட்டன. இது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் அந்தச் சுவர்களை ஓசைப்படாமல் இடித்துவிடுவதைவிட, இடிப்பதா வைப்பதா என்று நம்மையும் கேட்டு முடிவு செய்வதே சரி என்பது என் எண்ணம்.

பழுதுபார்ப்பும் விரிவாக்கமும்

இந்த விளக்கத்தில் எதை மறந்தாலும் இந்தப் பகுதியை மட்டும் மறந்துவிட வேண்டாம். ‘மேம்பாடு’ என்ற சொல்லுக்குச் சட்டத்தில் தனி மதிப்பு கிடையாது. செய்யப்போவது பழுதுபார்ப்பா, விரிவாக்கமா என்பதைப் பொறுத்தே நமக்குக் கருத்துச் சொல்லும் வாய்ப்பு கிடைக்கிறது அல்லது கிடைக்காமல் போகிறது. இருக்கும் தார்ப்பரப்பின்மீது புதிய தார் போடுவது, வெள்ளைக் கோடுகளைத் திரும்ப வரைவது, விளக்குக் கம்பங்களை மாற்றுவது போன்றவற்றுக்குப் பொதுவாகச் சுற்றுச்சூழல் அனுமதி தேவைப்படுவதில்லை. அளவு கூடும்போதுதான் நிலைமை மாறுகிறது.

1998ஆம் ஆண்டின் 107ஆம் எண் தேசியச் சுற்றுச்சூழல் மேலாண்மைச் சட்டத்தின்கீழ் 2014இல் வெளியான பட்டியல் அறிவிப்புகள், அனுமதியில்லாமல் தொடங்கக்கூடாத வேலைகளை எண்ணிட்டு வரிசைப்படுத்துகின்றன. முதல் அறிவிப்பில் உள்ள 19அ என்ற இனத்தின்படி, கடற்கரையிலிருந்தோ, கடல்நீர் ஏறிவரும் எல்லையான உயர் ஓதக் கோட்டிலிருந்து உள்நோக்கி 100 மீட்டருக்குள்ளோ 5 கன மீட்டருக்கு மேல் மணலையோ மண்ணையோ கல்லையோ தோண்டினாலும் நகர்த்தினாலும் கொட்டினாலும் அனுமதி வேண்டும். 5 கன மீட்டர் என்பது எவ்வளவு? கட்டட வேலைக்கு வரும் சாதாரண டிப்பர் லாரி ஒருமுறை நிறைந்து வந்தாலே அந்த அளவு தாண்டிவிடும். நிறுத்துமிடத்தின் ஓரத்தில் ஏறிக்கிடக்கும் மணல்மேட்டைச் சற்றே பின்னுக்குத் தள்ளினால்கூடக் கணக்கு நிரம்பிவிடும். முன்கூட்டியே ஒப்புதல் பெற்ற பராமரிப்பு மேலாண்மைத் திட்டத்தின்படி செய்யும் வேலைக்கும், கடல்பக்கம் கட்டுமானத்தைக் கட்டுப்படுத்த வரையறுக்கப்பட்ட கட்டுமானப் பின்வாங்கல் கோட்டுக்குப் பின்னால் நடக்கும் வேலைக்கும் இதிலிருந்து விலக்கு உண்டு. ஆகவே ‘இது வெறும் பராமரிப்பு’ என்று அதிகாரி சொன்னால், அந்தப் பராமரிப்புத் திட்டத்தின் நகலைக் கேட்பதே முதல் கேள்வியாக இருக்கவேண்டும்.

அதே 100 மீட்டருக்குள் ஒரு கட்டமைப்பின் பரப்பை 50 சதுர மீட்டரோ அதற்கு மேலோ விரிப்பதும் பட்டியலில் உள்ளது. ஒரு கார் நிற்கும் கட்டம் இரண்டரை மீட்டர் அகலம், ஐந்து மீட்டர் நீளம் என்று வைத்துக்கொண்டால், நான்கே கட்டங்களில் 50 சதுர மீட்டர் ஆகிவிடுகிறது. வண்டி திரும்பும் பாதையை நான் இதில் சேர்க்கவில்லை. ஆனால் நகர்ப்பகுதிக்குள் நடக்கும் விரிவாக்கத்துக்கு இந்த இனத்தில் விலக்கு இருப்பதால், டர்பன் நடுக்கரையில் இது பொருந்தாமல் போகலாம். மேலே சொன்ன மணல் கணக்குக்கு அந்த நகர்ப்பகுதி விலக்கு இல்லை என்பதால்தான் அதை அவ்வளவு விரிவாகச் சொன்னேன். இவை போதாதென்று, மூன்றாம் அறிவிப்பு எளிதில் பாதிப்படையும் பகுதிகளில் 300 சதுர மீட்டரோ அதற்கு மேலோ இயல்தாவரங்களை அகற்றுவதற்கும் அனுமதி கேட்கிறது.

மரங்களுக்குத் தனிச் சட்டம் இருக்கிறது. கரையோரங்களில் வளைந்து படர்ந்து நிழல்தரும் வெள்ளை மில்க்வுட் மரமும், கறுப்பு, சிவப்பு அலையாத்தி மரங்களும் 1998ஆம் ஆண்டின் 84ஆம் எண் தேசியக் காடுகள் சட்டத்தின்கீழ் பாதுகாக்கப்பட்டவை. ஒரு மரத்தை வெட்டவோ சேதப்படுத்தவோ உரிமம் வேண்டும். அது மாநகராட்சியின் சொந்த நிலத்தில் நின்றாலும் இதே விதிதான்.

கருத்துச் சொல்லும் முறை

அனுமதி தேவைப்படும் வேலைகளுக்குப் பெரும்பாலும் சுற்றுச்சூழல் பாதிப்பைக் கணிக்கும் அடிப்படை மதிப்பீடு எனும் நடைமுறை போதும். மாநகராட்சி விண்ணப்பதாரராகவும், மாகாணப் பொருளாதார மேம்பாடு, சுற்றுலா, சுற்றுச்சூழல் துறை முடிவெடுக்கும் அமைப்பாகவும் இருக்கும். மதிப்பீட்டை மாநகராட்சி தானே எழுதிவிட முடியாது. பதிவு பெற்ற, சார்பற்ற மதிப்பீட்டாளர் ஒருவரை நியமிக்க வேண்டும். அவர் பணியிடத்தில் குறைந்தது 60 சென்டிமீட்டருக்கு 42 சென்டிமீட்டர் அளவுள்ள அறிவிப்பு வைக்க வேண்டும். பக்கத்து நிலத்தாருக்கும் அப்பகுதியின் மாநகராட்சி உறுப்பினருக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். உள்ளூர் செய்தித்தாளில் விளம்பரம் செய்ய வேண்டும். எழுதப்படிக்கத் தெரியாதோருக்கும் ஊனமுற்றோருக்கும் வேறு வழியில் தெரிவிக்க ஏற்பாடு செய்வதும் விதியில் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கரையில் இப்படிப்பட்ட அறிவிப்பை நான் பார்த்தேன். அளவு சரியாகத்தான் இருந்தது. ஆனால் அதைக் கம்பிவேலியில் கடலைப் பார்த்தபடி கட்டியிருந்தார்கள். நீந்திவிட்டுத் திரும்பியவர்களைத் தவிர வேறு யார் கண்ணிலும் அது பட்டிருக்காது. பொதுமக்கள் எளிதில் காணும் இடத்தில் அறிவிப்பு இருக்கவேண்டும் என்பதே விதி. அப்படி இல்லாவிட்டால் அறிவிப்பையும் சுற்றுப்புறத்தையும் சேர்த்துப் படமெடுத்து அனுப்புங்கள். அதுவும் ஒரு முறையான ஆட்சேபம்.

கருத்துச் சொல்ல 30 நாள் தரப்படும். டிசம்பர் 15 முதல் ஜனவரி 5 வரையுள்ள நாட்கள் இந்தக் கணக்கில் சேராது. விடுமுறைக் கூட்டத்தில் கடற்கரை நிரம்பி வழியும் நாட்களில் அறிவிப்பை ஒட்டிக் காலத்தைக் கழித்துவிட முடியாது. மதிப்பீட்டாளர் வைத்திருக்கும் அக்கறையுள்ளோர் பதிவேட்டில் பெயர் கொடுப்பதே முதல் வேலை. பெயர் கொடுக்காதவருக்குப் பின்னால் வரும் அறிக்கையோ முடிவோ தேடி வராது. எழுதும்போது உங்களுக்கு அந்த இடத்தில் வியாபாரமோ வேறு நலனோ இருந்தால் அதை மறைக்காமல் குறிப்பிட வேண்டும். தமிழின் பெயர் இந்நாட்டு அரசியலமைப்பின் ஆறாம் பிரிவில் மதிக்கப்படவேண்டிய மொழிகளின் வரிசையில் இருக்கிறது. ஆனால் அது அலுவல் மொழி அல்ல. பெருமைக்குத் தமிழில் எழுதி, பலனுக்கு ஆங்கிலத்திலோ சூலுவிலோ ஒரு படியை இணைப்பது நல்லது.

‘எங்களுக்குப் பார்க்கிங் வேண்டும்’ என்று நூறு பேர் ஒரே கடிதத்தில் கையெழுத்திடுவதைவிட, ஒருவர் குறிப்பாகக் கேட்கும் நான்கு கேள்விகளுக்கு வலு அதிகம். ஏனெனில் வந்த கருத்துகளையும் அவற்றுக்கான பதில்களையும் மதிப்பீட்டாளர் அறிக்கையில் பதிவுசெய்தாக வேண்டும். மழைநீர் எங்கே போய் விழும், வண்டிகளிலிருந்து சொட்டும் எண்ணெய் கழிமுகத்தில் கலக்காமல் தடுக்க என்ன ஏற்பாடு என்று கேளுங்கள். நீர் ஊடுருவும் தரைக்கற்கள் பதிப்பார்களா, அல்லது முழுவதும் தார்தானா என்று கேளுங்கள். சக்கர நாற்காலியில் வருபவருக்கான கட்டம் கடைசி மூலையில் ஒதுக்கப்பட்டிருக்கிறதா, சாய்தளத்தின் சரிவு பன்னிரண்டுக்கு ஒன்றைவிடச் செங்குத்தாக இருக்கிறதா என்பதை வரைபடத்திலேயே பார்த்துவிடலாம். வடக்கே ஐசிமங்கலிசோ கரைபோல ஆமைகள் முட்டையிட ஏறிவரும் இடமென்றால் விளக்குகளைப் பற்றியும் அவசியம் கேட்க வேண்டும்; குஞ்சுகள் வெளிச்சத்தை நோக்கி நகர்பவை, அவற்றுக்குக் கடலின் மங்கிய ஒளியையும் விளக்கின் ஒளியையும் வேறுபடுத்தத் தெரியாது. அலைகள் எதுவரை ஏறும் என்று எந்த ஆண்டின் கணக்கை வைத்துத் தீர்மானித்தார்கள் என்பதும் நியாயமான கேள்வி. 2007 மார்ச்சில் எழுந்த பேரலைகள் குவாசுலு-நட்டால் கரையோரக் கட்டுமானங்களை எப்படி அரித்துத் தின்றன என்பதை நேரில் பார்த்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள்.

முடிவும் மேல்முறையீடும்

அடிப்படை மதிப்பீட்டு அறிக்கை கைக்கு வந்தபின் துறை 107 நாட்களுக்குள் முடிவெடுக்க வேண்டும். முடிவான 14 நாட்களுக்குள் பதிவு செய்தோருக்கு அறிவிப்பு வரும். அறிவிப்பு அனுப்பப்பட்ட நாளிலிருந்து 20 நாட்களுக்குள் மாகாணப் பொறுப்பு அமைச்சரிடம் மேல்முறையீடு செய்யலாம். மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்வரை அனுமதி நிறுத்திவைக்கப்படும். அதிலும் நியாயம் கிடைக்கவில்லை என்றால், 2000ஆம் ஆண்டின் நிர்வாக நீதி ஊக்குவிப்புச் சட்டப்படி 180 நாட்களுக்குள் நீதிமன்றத்தை நாடலாம். செலவு பிடிக்கும் வழி அது.

கட்டணம் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். கடலோரப் பொதுச் சொத்துக்குள் நுழைவதற்கு அமைச்சரின் ஒப்புதலின்றிக் கட்டணம் வாங்கக்கூடாது என்பது கடலோரச் சட்டத்தின் பிரிவு 13. வண்டி நிறுத்தும் கட்டணம் அதிலிருந்து வேறானது; அது மாநகராட்சியின் ஆண்டுக் கட்டணப் பட்டியலில் வரும். நிதியாண்டு ஜூலை 1 அன்று தொடங்குவதால், வரைவு வரவுசெலவுத் திட்டத்தை அதற்கு 90 நாட்களுக்கு முன்பே மன்றத்தில் வைக்க வேண்டும். புதிய தார் போட்டு முடிந்த கையோடு வாயிலில் கட்டணக் கம்பி முளைக்குமோ என்று அஞ்சுபவர்கள், சுற்றுச்சூழல் அறிக்கையில் அதைத் தேடினால் கிடைக்காது. ஏப்ரல் மாதத்தில் வரவுசெலவு வரைவைப் புரட்டிப் பார்க்க வேண்டும்.

வேலை தொடங்கியபின், அனுமதியின் நகலையும் நிபந்தனைகளையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தோண்டிய மண்ணை வேலிக்கு அப்பால் காப்பகப் பக்கம் குவித்திருந்தால், நாளும் நேரமும் தெரியப் படமெடுத்து மாகாணத் துறையின் கண்காணிப்புப் பிரிவுக்கு எழுதலாம். அனுமதியின்றிச் செய்யும் பட்டியலிட்ட வேலைக்கு ஒரு கோடி ராண்ட் வரை அபராதமோ பத்தாண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. விண்ணப்பதாரர் மாநகராட்சி என்பதற்காக அனுமதி பெறும் கடமை நீங்கிவிடுவதில்லை.