வேலையை விடச் சொல்வது வைத்தியம் ஆகாது

உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றலே மூட்டுகளைத் தாக்கி வீங்கவைக்கும் முடக்குவாதம் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) என்று உறுதியானதும் வீட்டாரும் அக்கம்பக்கத்தாரும், சில நேரம் மருத்துவம் பார்ப்பவர்களும்கூட, முதலில் சொல்வது "வேலையை விட்டுவிட்டு ஓய்வெடுங்கள்" என்பதுதான். குடியாத்தம், பேர்ணாம்பட்டுப் பக்கம் பீடி சுற்றுகிறவர்களிலும், ஆம்பூர், ராணிப்பேட்டைக் காலணித் தொழிற்சாலைகளுக்குப் போகிறவர்களிலும் பெண்களே மிகுதி. அவர்கள் வருமானம் நின்றால் வாடகையும் பிள்ளைகளின் படிப்பும் தடுமாறிப்போகும் வீடுகள் இங்கே ஏராளம் என்பதால், இயன்முறை சிகிச்சைத் துறையில் இருக்கும் நான் அந்த அறிவுரையை எளிதில் சொல்வதில்லை.

மூட்டுத் தேய்மானத்தில் நடக்க நடக்க வலி கூடும், உட்கார்ந்தால் குறையும். முடக்குவாதத்தில் நிலைமை தலைகீழ். தூங்கி எழும்போதுதான் இரு கை விரல்களும் வீங்கி விறைத்திருக்கும். ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ ஆன பிறகே மெல்ல இளகும். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகமாக வரும் இந்நோய், பெரும்பாலும் உழைக்கும் வயதிலேயே தொடங்குகிறது. கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க விடியுமுன் எழுந்து சமைத்து, டப்பா கட்டிவைக்க வேண்டிய பெண்ணுக்குக் கை மடங்காத நேரமும் வீட்டு வேலை மிகுந்த நேரமும் ஒன்றாகவே வந்து சேர்கின்றன. தொழிற்சாலை வேலை கைவிட்டுப் போவதற்குப் பல வீடுகளில் இந்த அடுப்படி நேரமே முதல் காரணம். இரவே காய் நறுக்கி வைப்பதும், எழுந்ததும் வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் கையை அமிழ்த்தி விரல்களை மெல்ல மடக்கி நீட்டுவதும், அந்த ஒரு மணி நேரத்தைக் கணவரோ பிள்ளைகளோ பகிர்ந்துகொள்வதும் வேலையைக் காப்பாற்றித் தரக்கூடியவை.

பீடி சுற்றும் வேலையைச் சற்று உற்றுப் பார்க்க வேண்டும். தரையில் சம்மணமிட்டு, மடியில் முறம் வைத்து, கழுத்தைக் குனிந்தபடி இலையை அளவாகக் கத்தரிப்பது கட்டைவிரலின் அடி மூட்டைப் பதம் பார்க்கும். தூளை வைத்துச் சுருட்டி, முனையை மடக்கி, நூல் கட்டுவது முழுக்க விரல் நுனிகளின் வேலை. கத்தரிக்கோலின் பிடியில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றித் தடிமனாக்கினால் அவ்வளவு இறுக்கிப் பிடிக்க வேண்டியிராது. முறத்தை மேசை மேல் வைத்து நாற்காலியில் உட்கார்ந்தால் முழங்காலும் கழுத்தும் தப்பும். வெட்டுவதையும் சுற்றுவதையும் அரை மணிக்கு ஒரு முறை மாற்றி மாற்றிச் செய்வது நல்லது. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவரிடம் இடைவெளி விடச் சொல்வது எளிதல்லதான். ஆனால் வீங்கிய விரலோடு ஒரே மூச்சில் சுற்றிவிட்டு மறுநாள் கை தூக்க முடியாமல் படுத்துவிட்டால், அந்த வாரக் கூலியில் விழும் துண்டு இன்னும் பெரிது.

வீட்டிலும் சிறு மூட்டின் சுமையைப் பெரிய மூட்டுக்கு மாற்றுவதே வழி. கிடுக்கியால் தூக்காமல், இருபுறமும் காது வைத்த பாத்திரத்தைத் துணி போட்டு இரு உள்ளங்கைகளாலும் தாங்கித் தூக்கலாம். ஈரப் புடவையைக் குழாயில் சுற்றி முறுக்கலாம். "நீ உட்காரும்மா" என்று எல்லாவற்றையும் கையிலிருந்து பிடுங்கிக்கொள்ளும் பாசமான பிள்ளைகளிடம் நான் சற்றுக் கடுமையாகவே பேசுவதுண்டு, ஏனெனில் அசையாத மூட்டைச் சுற்றியுள்ள தசை விரைவில் மெலிந்துவிடும். குடம் தூக்குவதை வாங்கிக்கொள்ளுங்கள், குழம்பு தாளிப்பதை அவரிடமே விடுங்கள்.

இவை எதுவும் மருந்துக்கு மாற்று அல்ல. முதல் சில மாதங்களுக்குள் மூட்டுவாத மருத்துவரிடம் போனால் மூட்டு அரிக்கப்படுவதைப் பெருமளவு தடுக்கலாம். இந்நோய்க்குத் தரப்படும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை வாரத்துக்கு ஒரு நாள் மட்டுமே. தவறித் தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. பெயரில்லாத பொட்டலப் பொடியில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம் என்பதையும் மறக்கக் கூடாது.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 முடக்குவாதத்தைத் தனியாகக் குறிப்பிடவில்லை என்றாலும், மூட்டுகள் நிரந்தரமாகப் பாதிக்கப்பட்டவர் கை கால் இயக்கக் குறைபாட்டின் கீழ்ச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் பல சலுகைகளுக்குத் தகுதி உண்டு. அரசுப் பணியில் இருக்கும்போது குறைபாடு ஏற்பட்டவரை நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்கிறது அதன் 20ஆம் பிரிவு. தனியார் தொழிற்சாலையில் அந்த அளவு பாதுகாப்பு இல்லை. அங்கே சூப்பர்வைசரிடம் "கை வலிக்கிறது" என்று மட்டும் சொல்வதைவிட, "நூல் வெட்டுவதிலிருந்து செக்கிங்குக்கு மாற்றுங்கள், உட்கார ஒரு ஸ்டூல் கொடுங்கள்" என்று குறிப்பாகக் கேட்பது பலிக்க வாய்ப்பு அதிகம். அதையே மருத்துவரிடம் சொல்லிக் கடிதமாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.